மூன்றாவது கியர், வலது திருப்பம்

ஜூன் 4

சின்ன மாப்பிள்ளைக்கு,

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே என் வார்த்தை இன்னும் அப்படியே நிற்கிறது, நீ சந்தோஷப்பட வேண்டாம். நலம் விசாரிக்கிற வேலையை நம் வீட்டுக்காரிகள், அக்காவும் தங்கையும், தினமும் போனில் முடித்துவிடுகிறார்கள். உனக்குச் சளி பிடித்தது, புது ஃபாக்டரியில் உன்னை ஃபோர்மேன் ஆக்கியது எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சீமாட்டி தகுதிச் சோதனையில் தோற்றுவிட்டாள்.

எழுதவே கை கூசுகிறது. முப்பது வருடமாக லாரி கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டுகிறவன் நான். என் பட்டறையை விட்டு வெளியே போன வண்டி எதுவும் அதே கோளாறோடு திரும்பி வந்தது கிடையாது. அப்படிப்பட்டவன் நானே கட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

நடந்தது இதுதான். உன் அண்ணி ஓட்டினாள், ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால். கிளம்பும்போது அந்த மனுஷன் முகமெல்லாம் சிரிப்பு. பழைய காலத்துக் கார் உடம்பு, உருண்டை விளக்கு, பானெட்டுக்குள்ளே வேனின் இன்ஜினும் கியர் பாக்ஸும், ஆனால் கியர் கம்பு மட்டும் அந்தக் காலம் போலவே ஸ்டியரிங் தண்டில். "இந்தக் கம்ப வச்சே புது கியர் பாக்ஸ எப்படி சார் வேல செய்ய வச்சீங்க?" என்று கேட்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அரிசி ஆலைக்குப் பின்னால் மேடேறுகிற வலது திருப்பம் வந்தது. மூன்றாவது கியர். ஸ்டியரிங் பாதியில் பிடித்துக்கொண்டது. அதே நொடியில் கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கை என்பதால் பிழைத்தோம். வேறு யாராவது ஓட்டியிருந்தால் ஆலையின் மதில் சுவரில் எங்கள் மூன்று பேர் படமும் பதிந்திருக்கும்.

இறங்கும்போது ஆய்வாளர் சிரிக்கவில்லை. ஜூலை கடைசியில் இன்னொரு தடவை கொண்டுவரச் சொன்னார். மாற்றிக் கட்டிய வண்டிக்கு இரண்டு வாய்ப்புதானாம். அதிலும் தோற்றால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். பதிவு போனால் சீமாட்டி இரும்புக்குத்தான். பழைய இரும்புக்காரருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, மறுநாளே வந்து கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனமான தகடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டியரிங் உன் வேலை. கியர் கம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கம்பிகளும் உன் வேலை. பிடித்ததும் உன்னுடையது, துள்ளியதும் உன்னுடையது. என்ன தப்பு செய்தாய் என்று யோசித்து எழுது.

பெரிய மாப்பிள்ளை


ஜூன் 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விசாரிக்காமலே விசாரித்ததற்கு நன்றி. சளி போய்விட்டது.

நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேஜையில், மாமியார் பரிமாறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் நினைவுபடுத்துகிறேன். "இது என் வண்டி. என் ஷெட்டு. இனிமே இதுல உன் கை படக் கூடாது." முதல் ஓட்டத்தில் கியர் துள்ளியதற்கு இவ்வளவும். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அந்த ஷெட்டில் உங்களோடு குப்புறப் படுத்தும் மல்லாந்து படுத்தும் கழித்தவனிடம் சொன்னீர்கள். அதோடு நிற்கவில்லை. "லேத்துல நிக்கிறவனுக்கு வண்டிய பத்தி என்ன தெரியும்?" என்றீர்கள். பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். லாரிக்காரர்கள் சுத்தியலால்தான் அளவு எடுப்பார்கள் என்று. அதில் எனக்கு வருத்தமில்லை, உண்மை அது.

ஆகவே என் கை படாது. ஆனால் சீமாட்டி இரும்புக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன், உங்களுக்காக அல்ல.

என் ஸ்டியரிங்கில் மயிரிழை ஆட்டம் கிடையாது. தண்டை நடுவில் வெட்டி, புது இன்ஜினுக்கு இடம் கொடுத்து வளைந்து போகும்படி ஒரு கிராஸ் ஜாயின்ட் வைத்தேன். அந்த ஜாயின்ட்டை நான் கடைந்த நாளில் எங்கள் பழைய முதலாளி அதைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தார், நீங்கள் அப்போது பக்கத்தில்தான் நின்றீர்கள். நம்பவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். முன்னால் ஜாக்கி கொடுத்து இரண்டு சக்கரத்தையும் தூக்குங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றுங்கள். எங்கேயாவது பிடித்தால் நான் என் மைக்ரோமீட்டரை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கிறேன்.

பிடிக்கவில்லை என்றால், தயவுசெய்து உங்கள் கியர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். மூன்றாவது கியரை இடத்தில் நிறுத்தி வைக்கிற ஸ்பிரிங்கும் குண்டும் தேய்ந்திருந்தால் கியர் துள்ளத்தான் செய்யும். அதற்கு என் கம்பியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அண்ணிக்கு என் வணக்கம். அவர்கள் கை இல்லாவிட்டால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதும் பாக்கியமே எனக்குக் கிடைத்திருக்காது.

சின்ன மாப்பிள்ளை


ஜூன் 19

சின்ன மாப்பிள்ளைக்கு,

மைக்ரோமீட்டரை விற்க வேண்டாம். ஸ்டியரிங் வெண்ணெயாகச் சுற்றுகிறது. சின்ன விரலால் கூடச் சுற்றினேன். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே, பார்த்ததைச் சொல்கிறேன்.

கியர் பாக்ஸையும் இறக்கினேன். நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே ஒரு உறுத்தல் இருந்தது. ஸ்பிரிங் புத்தம் புதிது. குண்டில் கீறல் இல்லை. பல்லெல்லாம் சீப்பு மாதிரி வரிசையாக இருக்கிறது. இருந்தாலும் வேறு ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் மாற்றி, கிளட்ச் தட்டையும் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். சக்கரத்தைத் திருப்பும் டை ராடு முனைகளைக் குலுக்கிப் பார்த்தேன், டயர் காற்றைச் சரிபார்த்தேன், சக்கர அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே டயர்க்கடைக்காரர், "பாதி கிழவி, பாதி வேன். எது எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது" என்று நாலு பேர் நடுவில் சிரித்தார். என் காது சூடாகிவிட்டது. நீ இருந்திருந்தால் அவருக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாய். நான் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

இவ்வளவும் செய்து மறுபடி அதே மேட்டுக்குப் போனோம். மறுபடி அதே இடத்தில் பிடித்தது, அதே மாதிரி துள்ளியது.

இன்னொன்று. உன் அண்ணி முதல் நாளிலிருந்தே ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்தான் பற்றவைத்து அடைத்த காதோடு திரிந்தேன். நேற்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "நான் சொல்றத கேட்டாதான் தருவேன்" என்றாள். அவள் சொல்வது இது: "இடது பக்கம் திரும்பினா ஒண்ணுமில்ல. வலது பக்கம் திரும்பும்போதுதான் பிடிக்குது. அதுவும் ஆக்ஸிலேட்டர மிதிச்சாதான். கால எடுத்தா உடனே விட்டுடுது. ரெண்டாவது கியர்லயும் நாலாவதுலயும் வரவே வரல."

இதை எழுதும்போதுதான் எனக்கும் பொறி தட்டுகிறது. ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நான் முதலில் சொன்னால், அதைத்தான் நானும் நினைத்தேன் என்பாய்.

பெரிய மாப்பிள்ளை


ஜூன் 26

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் லேத்துக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். அண்ணி சொன்னதைப் படித்ததும் கையிலிருந்த டீ ஆறிவிட்டது. அண்ணியிடம் சொல்லுங்கள், முதல் நாளே அவர்களைக் கேட்டிருந்தால் கியர் பாக்ஸை இறக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். என் தங்கமான மனைவி இதைக் கேட்டுவிட்டு, "எங்க அக்கா சொன்னத எங்க வீட்டுல யாரு எப்ப கேட்டிருக்கா?" என்கிறாள்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்தால் விடுகிறது. அப்படியானால் மிதிக்கும்போது எது நகர்கிறது? இன்ஜின். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, இழுக்கும்போது இன்ஜின் ஓட்டுகிறவர் பக்கம் சாயும். அந்தப் பக்கம்தான் என் ஸ்டியரிங் தண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவேதான் என் கியர் கம்பிகள். மூன்றாவது கியர் போடும்போது மட்டும் வெளிப்பக்கக் கம்பியின் வளைந்த முட்டி தண்டை நோக்கி வெளியே வரும். வலது பக்கம் திருப்பும்போது மட்டும் கிராஸ் ஜாயின்ட்டின் துருத்திய காது மேலே ஏறி வரும். காது முட்டியில் இடித்தால் ஸ்டியரிங் பிடிக்கும். இடிபட்ட கம்பி பின்னுக்குப் போனால் கியர் துள்ளும்.

இரண்டு கோளாறு இல்லை அண்ணே, ஒரே கோளாறு. இவ்வளவு நாள் நாம் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

ஆனால் அங்கே இடிக்கவே கூடாது. நான் விட்ட இடைவெளி ஒரு கட்டை விரல் தாராளமாக நுழையும். அதனால் யூகத்தை நம்ப வேண்டாம். ஜாயின்ட்டின் காதில் சாக்பீஸைக் கெட்டியாகத் தேயுங்கள். வண்டியை அந்த மேட்டுக்குக் கொண்டுபோய் அண்ணியை ஒரே ஒரு தடவை திருப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்து கம்பியின் முட்டியைப் பாருங்கள். வெள்ளை ஒட்டியிருந்தால் நான் சொன்னது சரி. ஒட்டவில்லை என்றால் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

பதிலை உடனே எழுதுங்கள். இங்கே எனக்கு வேலையில் கவனம் இல்லை. நேற்று ஒரு உருளையைத் தேவைக்கு மேல் கடைந்துவிட்டேன், என் வாழ்நாளில் முதல் தடவை.

சின்ன மாப்பிள்ளை


ஜூலை 2

சின்ன மாப்பிள்ளைக்கு,

வெள்ளை ஒட்டியிருக்கிறது.

பானெட்டைத் திறந்ததும் நான் ஒரு கத்து கத்தினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. முட்டியின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தடம். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள் மூளை வருது" என்றாள். இதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கும் இன்ஜின் சாய்வுதான் பொறி தட்டியது. நீ நம்ப வேண்டியதில்லை.

இப்போது நான் கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொல். கட்டை விரல் நுழையும் என்றாய். அங்கே ஒரு சிகரெட் அட்டை கூட நுழையவில்லை. இடம் எங்கே போனது என்று தேடினேன். ஸ்டியரிங் தண்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கழற்றினேன். அதற்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து போட்ட படத்தில் அப்படி ஒரு தகடே கிடையாது. தண்டை இன்ஜின் பக்கமாக நகர்த்தியிருக்கிறது அது.

யார் வைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்துகொள்ளப்போகிற ஒரு தகட்டுக்கு நாலு ஓரத்தையும் மழுக்கி, பளபளவென்று தேய்த்து வைக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கோபம் வர வேண்டியது. வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

எப்போது வைத்தாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

பெரிய மாப்பிள்ளை


ஜூலை 8

அண்ணனுக்கு,

நீங்கள் அந்தத் தகட்டைக் கண்டுபிடிக்காமல் இருந்தால் நான் சாகும் வரை சொல்லியிருக்க மாட்டேன்.

கம்பிகளை மாட்டிய பிறகு பார்த்தேன், அவை கொஞ்சம் சாய்ந்து போயின. நேராக இல்லை. கம்பிகள் சரியான அளவுதான். உங்கள் கியர் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று இடது பக்கமாக உட்கார்ந்திருந்தது. சரி செய்ய வேண்டும் என்றால் இன்ஜினை மறுபடி தூக்க வேண்டும். அப்போது உங்களுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, ஸ்பானர எடு" என்று அதட்டிக்கொண்டிருந்தீர்கள். தூக்க வேண்டும் என்று சொன்னால் நீங்கள்தான் முதலில் செயினைப் பிடித்து இழுப்பீர்கள். யார் தடுத்தாலும் கேட்க மாட்டீர்கள். எனக்குச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் நீங்கள் டாக்டரிடம் போன நாளில் தகட்டை வைத்து என் தண்டையே உங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கொண்டேன். முழுவதும் தள்ள அங்கே இடமில்லை. சாய்வில் பாதிதான் சரியானது. பாதியே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஓரம் மழுக்கியதற்குக் காரணம் கேட்காதீர்கள். கைப் பழக்கம்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. என் தகடு தின்ற இடம் பாதிதான். மிச்சம் பாதி அங்கே இருந்தாக வேண்டும், அதில் விரல் நுழைந்தாக வேண்டும். அட்டை கூட நுழையவில்லை என்கிறீர்கள். தண்டு தானாக நகராது. அப்படியானால் இன்ஜின் என் பக்கம் வந்திருக்கிறது. இன்ஜினும் தானாக நகராது.

இப்போது நான் கேட்கிறேன். நேராகப் பதில் சொல்லுங்கள்.

எதுவானாலும் என் தகட்டை எடுத்துவிடுங்கள். சோதனைக்கு நாள் நெருங்குகிறது. எனக்கு என் பெயரை விடச் சீமாட்டிதான் முக்கியம்.

சின்ன மாப்பிள்ளை


ஜூலை 16

சின்ன மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்தேன். உன் அண்ணி பேப்பர் வீணாகிறது என்கிறாள்.

சரி. இன்ஜினைத் தாங்கும் இடது பக்க மவுண்டுக்கு நடுவே ஒரு தடித்த வாஷர் வைத்தது நான்தான். வலது பக்கத் துளையை அரத்தால் ராவி நீளமாக இழுத்து இன்ஜினை உன் பக்கம் நகர்த்தியதும் நான்தான்.

எனக்கும் அந்தச் சாய்வு கண்ணில் பட்டது. கியர் பாக்ஸ் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, நீ கம்பியைத்தான் தப்பாக வெட்டிவிட்டாய் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன், அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பேச மாட்டேன் என்று சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. போகட்டும். நீ அந்தக் கம்பிகளைக் கடைந்துகொண்டு வந்த அன்றைக்கு எப்படி வந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பழைய வேட்டித் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். மாமனாரிடம் காட்டினாய், மாமியாரிடம் காட்டினாய், பால்காரரைக் கூட விடவில்லை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல் மனசுக்காரன் என்று பட்டறையில் பெயர் வாங்கியவன் நான். அன்றைக்கு முடியவில்லை.

முதுகு சரியாகி, நீ இல்லாத ஒரு நாளில் நான் வேலையைத் தொடங்கும்போது சாய்வு முன்பை விடக் குறைவாகத் தெரிந்தது. கண் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீ ஏற்கனவே பாதியைத் தின்றுவிட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மிச்சத்தை என் வாஷர் எடுத்துக்கொண்டது. கம்பிகள் இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. அதைப் பார்த்து நானும் பெருமைப்பட்டேன், நீயும் பெருமைப்பட்டாய், ஆளுக்கொரு பக்கம் நின்று. நீ எனக்காக இந்தப் பக்கம் வந்தாய், நான் உனக்காக அந்தப் பக்கம் வந்தேன், நடுவில் சீமாட்டிக்கு மூச்சு விட இடமில்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கு ஆள் வாயில் வந்ததைப் பேசினோம். நான் அதிகமாகவே பேசினேன்.

என் வாஷரை எடுத்துவிட்டேன். செயின் பிளாக்கில் இன்ஜினைத் தூக்கி, இழுத்த துளையைப் பற்றவைத்து அடைத்து, புதிதாகத் துளை போட்டு, பழைய இடத்திலேயே உட்கார வைத்தாயிற்று. செயினை இழுத்தது உன் அண்ணி, நான் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டினேன். முதுகைப் பற்றி உன் மனைவியிடம் விசாரிக்கச் சொல்லாதே, நன்றாக இருக்கிறது.

உன் தகட்டை எடுக்க மாட்டேன். நீ சொன்னாலும் எடுக்க மாட்டேன். இருந்த இடத்திலேயே வைத்து முறுக்கிவிட்டேன். இப்போது இடைவெளியில் விரல் நுழைகிறது, உன் பென்சில் விரல் இல்லை, என் விரல். கம்பிகள் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கின்றன. சாய்ந்தே இருக்கட்டும்.

இனிமேல் சாக்பீஸ் தேய்த்துப் பார்க்க வேண்டும். தேய்த்துவிட்டு எழுதுகிறேன்.

பெரிய மாப்பிள்ளை

பின்குறிப்பு: தேய்த்துப் பார்த்துவிட்டோம். மேட்டில் நாலு தடவை. முட்டியில் ஒரு பொட்டு வெள்ளை கூட இல்லை. கவரை ஒட்டிய பிறகு திறந்து இதை எழுதுகிறேன்.


ஜூலை 22

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பால்காரர் வரைக்கும் சிரித்தாள், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கம்பி தப்பாக வெட்டப்படவில்லை. இதை எழுத்தில் பதிவு செய்கிறேன்.

சோதனைக்கு லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று யோசித்தேன். "போங்க. ஆனா ரெண்டு பேரும் பேசாம மொறச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் பஸ்ஸுல போகணும்?" என்று என் மனைவி கேட்டாள். அதுவும் சரிதான். "கை படக் கூடாது" என்று நீங்கள் சொன்னது இன்னும் வாபஸ் ஆகவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்.

சில விஷயம் மட்டும். காலையில் கிளம்பும் முன் இன்ஜினைச் சூடாக்குங்கள், மவுண்ட் ரப்பர் இளகட்டும். நட்டுகளை மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள், புது வேலையில் முதல் ஓட்டத்துக்குப் பிறகு தளரும். நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து அண்ணிக்கு யோசனை சொல்லாதீர்கள். அவர்கள் ஓட்டட்டும்.

வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சின்ன மாப்பிள்ளை


ஜூலை 30

சின்ன மாப்பிள்ளைக்கு,

சீமாட்டி ஜெயித்துவிட்டாள்!

போனில் உனக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால், அதாவது என் பேனாவால், சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

அதே ஆய்வாளர். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஏறும்போதே கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அந்த மேட்டுக்கே போங்கம்மா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலை மதில் வந்தது. உன் அண்ணி மூன்றாவது கியரைப் போட்டாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். சும்மா இல்லை, நன்றாகவே மிதித்தாள், வேண்டும் என்றே. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினாள். சீமாட்டி இடுப்பை ஒடித்து, மேட்டை ஒரே மூச்சில் ஏறி, கியர் அசையாமல் மறுபக்கம் இறங்கினாள். உன் அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இன்னும் இரண்டு தடவை அதே திருப்பத்தில் போகச் சொன்னார் அந்த மனுஷன். இரண்டு தடவையும் அப்படியே.

அலுவலகத்துக்கு வந்ததும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் குனிந்து, விளக்கை அடித்து, உன் கம்பிகளையும் ஜாயின்ட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்த மற்ற ஆய்வாளர்களையும் கூப்பிட்டார். "இந்த மாதிரி வேலைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. சட்டைப் பட்டன் தெறித்திருந்தால் ஆச்சரியமில்லை. "இன்ஜினும் கியர் பாக்ஸும் நான். ஸ்டியரிங்கும் கம்பியும் என் சகலை. பெரிய ஃபாக்டரியில ஃபோர்மேன். இங்க இல்ல, இருந்தா நீங்க அவன் கையத்தான் பாத்துட்டு இருந்திருப்பீங்க" என்றேன். உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. உன் அண்ணி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

வரும் வழியில் நான் ஓட்டினேன், டயர்க்கடை முன்னால் ஹார்னை அழுத்திப் பிடித்தேன். அவர் வெளியே வந்து பார்த்தார். நான் கையை எடுக்காமலே தாண்டிப் போனேன், அதுதான் இன்பம். பழைய இரும்புக்காரர் எதிரே சைக்கிளில் வந்தார், ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

வருகிற ஞாயிறு காலையில் உன் வீட்டு வாசலில் ஹார்ன் கேட்கும். இதுவரைக்கும் சீமாட்டி இவ்வளவு தூரம் ஓடியதில்லை. முன்சீட்டில் நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். வலது பக்க இருக்கை காலியாக இருக்கும். இந்தக் கவரில் இரண்டாவது சாவியை வைத்திருக்கிறேன். அதில் தொங்குவது இன்ஜினிலிருந்து எடுத்த வாஷர். ஓரத்தை மழுக்காதே, அது லாரிக்காரன் வாஷர், அப்படித்தான் இருக்கும்.

முதலில் நான் பேச மாட்டேன். அதை மட்டும் எதிர்பார்க்காதே.

பெரிய மாப்பிள்ளை


ஆகஸ்ட் 5, ஞாயிறு

அண்ணனுக்கு,

இந்தச் சீட்டை நீங்கள் கிளம்பிப் போன பிறகு டேஷ்போர்டில் கண்டெடுப்பீர்கள். இன்றைக்கு நடந்ததை எழுத்தில் வைக்காவிட்டால் நாளைக்கே மாற்றிச் சொல்வீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் ஹார்ன் கேட்டு வெளியே வந்தேன். நீங்கள் ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் உங்களைப் பார்க்காமல் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அதற்குள் அக்காவும் தங்கையும் பின்சீட்டில் ஏறிக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். சாவியைப் போட்டேன், வாஷர் முழங்காலில் இடித்தது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ரயில்வே கேட்டைத் தாண்டி ஏறுகிற திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து வலது பக்கம் திருப்பினேன். ஸ்டியரிங் கையில் பட்டும் படாமலும் சுற்றியது. கியர் பாறை மாதிரி நின்றது. அந்தக் கியர் பாக்ஸைக் கட்டிய கைக்கு என் தலைவணக்கம், இதற்கு மேல் எழுதினால் உங்களுக்குத் தலைக்கனம் வரும்.

அப்போது எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. நீங்கள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கத்தினீர்கள்.

"டேய், மெதுவா ஓட்டுடா! நம்ம வண்டிடா!"

முதலில் பேசியது நீங்கள். பின்சீட்டில் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். பேசியது என்ன வார்த்தை என்பதற்கும் அவர்களே சாட்சி.

சின்ன மாப்பிள்ளை